ஃபிராங்க் புரூனோவின் குத்தை இரும்பில் செய்து பார்த்தது

இரும்புச் சம்மட்டியைக் கடைசியாக ஓடவிட்டபோது லேப்டாப் திரையில் 55 ஜி என்று வந்தது. அடிபட்ட இலக்கின் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் எத்தனை மடங்கு என்பதுதான் இந்த ஜி. 1985-இல் பிரிட்டன் ஹெவிவெயிட் ஃபிராங்க் புரூனோ ஆய்வுக் கருவியில் குத்தியபோது பதிவான அளவு 53 ஜி. பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஷாஃப்ட் துண்டை வைத்துக்கொண்டு இவ்வளவு பக்கத்தில் போய் நிற்போம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அதே சாயங்காலம், எடையும் உயரமும் மாறாமல் கிளவ்ஸை மட்டும் மாற்றியதும் அதே அடி 88 ஜி காட்டியது. இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த இரண்டாவது எண்.

எல்லாம் அக்கா மகனோடு வந்த வாக்குவாதத்தில் தொடங்கியது. பையன் 78 கிலோ, பாக்ஸிங் பழகுகிறான். புரூனோவின் பழைய சண்டைகளைப் பார்த்துவிட்டு, "மாமா, இவரு வெறும் ஜிம் பாடிங்க. பெரிய ஆளுங்ககூட மோதுன எடத்துலயெல்லாம் அடி வாங்கிட்டுத்தான் போயிருக்காரு. பஞ்ச் பஞ்ச்னு என்னத்தைச் சொல்றீங்க?" என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 45 சண்டை, 40 வெற்றி, அதில் 38 நாக்-அவுட். குத்தில் ஒன்றுமில்லாதவருக்கு இந்தக் கணக்கு வராது. அதைவிட முக்கியமாக, ஹெவிவெயிட்களில் "இவர் குத்து பயங்கரம்" என்ற பேர் பெற்றவர்களில் பெரும்பாலோரின் குத்தை யாரும் அளந்ததில்லை. புரூனோவுடையதை அளந்திருக்கிறார்கள், மருத்துவ இதழிலேயே வெளியிட்டும் இருக்கிறார்கள்.

1985 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை அது. பஞ்சு வைத்த ஓர் உலோக இலக்கை ஊசல்போலத் தொங்கவிட்டு, அதைப் புரூனோவைக் குத்தச் சொல்லியிருக்கிறார்கள். இலக்கின் எடை 7 கிலோ. கை கிளம்பிய 0.1 நொடிக்குள் 0.49 மீட்டர் பயணம், படும்போது வேகம் நொடிக்கு 8.9 மீட்டர். தொட்ட 14 மில்லிநொடிக்குள் விசை 4,096 நியூட்டன் வரை ஏறியிருக்கிறது, அதாவது கிட்டத்தட்ட 0.4 டன். இதே குத்து மனிதத் தலையில் விழுந்தால் 6,320 நியூட்டன் வரை போகலாம் என்று கணக்கிட்டிருந்தார்கள். எனக்குப் பிடித்தது அதற்கடுத்து அவர்கள் சொன்ன ஒப்பீடுதான்: 6 கிலோ எடையுள்ள, பஞ்சு சுற்றிய மரச் சம்மட்டியை மணிக்கு 20 மைல் வேகத்தில் வீசினால் என்ன அடி விழுமோ, அந்த அடி.

மணிக்கு 20 மைல் என்பது அதே 8.9 மீட்டர்தான். 4 மீட்டர் உயரத்திலிருந்து விழும் எந்தப் பொருளுக்கும் தரையை நெருங்கும்போது அந்த வேகம் வந்துவிடும். புரூனோவைக் கோயம்புத்தூருக்குக் கூப்பிட முடியாது. 6 கிலோ இரும்பை 4 மீட்டர் உயரத்திலிருந்து ஊசலாக இறக்க முடியும். எங்கள் பட்டறை ஷெட்டில் பாரம் தூக்கும் கேன்ட்ரி பீம் தரையிலிருந்து 5 மீட்டருக்கும் கொஞ்சம் மேலே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வருவதில்லை. போதாதா?

முதலில் இலக்கு. செலவு கம்மியாக இருக்கட்டும் என்று 6 இஞ்ச் பி.வி.சி. குழாயில் 13 சென்டிமீட்டர் துண்டு வெட்டி, அதற்குள் கான்கிரீட் போட்டு, இரண்டு கண் போல்ட்டைப் பதித்துக் காயவிட்டேன். எடை சரியாக வந்தது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விட்ட லேசான அடியிலேயே ஒரு கண் போல்ட் கான்கிரீட்டைப் பெயர்த்துக்கொண்டு கையோடு வந்துவிட்டது. கம்பி வைக்காத கான்கிரீட்டுக்குத் திடீர் இழுப்பு ஆகாது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய இரும்புக் கடையில் 120 மி.மீ. ஷாஃப்ட் துண்டு ஒன்றை எடைக்கு வாங்கி, லேத்தில் கடைந்து 6.4 கிலோவுக்குக் கொண்டுவந்தேன். முகத்தில் 25 மி.மீ. ரப்பர் ஃபோம், அதன்மேல் ரெக்ஸின், பின்பக்கம் சென்சார் தகடு. எல்லாம் சேர்த்துத் தராசில் 7.02 கிலோ.

அதைத் தொங்கவிட்டது நான்கு இழுப்பில். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, ஒவ்வொரு ஜோடியும் மேலே அகன்று பீமில் கட்டப்பட்டது. ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட்டால் அடி ஒரு சென்டிமீட்டர் விலகிப் பட்டாலும் இலக்கு பம்பரமாகச் சுற்றும். வாசிப்பு குப்பையாகிவிடும். முதலில் நைலான் கயிறு போட்டேன். அடிக்க அடிக்க நீண்டு, மையம் ஒவ்வொரு முறையும் கீழே இறங்கியது. 3 மி.மீ. ஸ்டீல் ஒயர் ரோப்புக்கு மாறி, நுனியில் நீளத்தைத் திருகிச் சரிசெய்யும் டர்ன்பக்கிள் வைத்த பிறகுதான் அடி ஒரே இடத்தில் விழத் தொடங்கியது.

சம்மட்டிக்கு 100 மி.மீ. ஷாஃப்ட் துண்டு, 5.5 கிலோவுக்குச் சற்று மேல். முன்பக்கம் 16 அவுன்ஸ் கிளவ்ஸ். அது 450 கிராம், ஆக மொத்தம் 6 கிலோ. கிளவ்ஸுக்குள் முதலில் துணியைத் திணித்துப் பார்த்தேன், படும்போது அது அப்படியே சப்பையானது. பிறகு வேப்ப மரக்கட்டையை முஷ்டி அளவுக்குக் கடைந்து, ஒரு மெல்லிய துணி சுற்றி உள்ளே இறுக்கினேன். கட்டையின் நடுவில் 12 மி.மீ. போல்ட் ஓடி ஷாஃப்டில் முடிகிறது. இந்தக் கட்டை பிளக்கும் என்று வெல்டிங் அண்ணன் பந்தயம் கட்டினார். இதுவரை பிளக்கவில்லை.

அதிகம் திண்டாடியது சம்மட்டியை விடுவிப்பதில். 4 மீட்டர் ஒயரைக் கிடைமட்டமாக இழுத்துப் பிடித்து, அடுத்த கூரைச் சட்டத்தில் மாட்டிய கப்பி வழியாகக் கயிற்றை இறக்கி, கீழே ஒரு கொக்கியில் கட்டியிருந்தேன். கொக்கியைக் கையால் தட்டிவிட்டால் ஒவ்வொரு முறையும் சின்ன ஆட்டம் கொடுத்தது, சம்மட்டி எட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. கடைசியில் கண்டுபிடித்த வழி இது. சம்மட்டிக்கும் இழுக்கும் கயிற்றுக்கும் நடுவே ஒரு சாண் சணல் கயிற்றைக் கட்டுவது, ஆட்டம் நிற்கும்வரை காத்திருப்பது, தென்னை மட்டை அறுக்கும் தொரட்டியால் தூர நின்று அந்தச் சணலை அறுப்பது. நேர்க்கோட்டில் வந்து விழுந்தது. போனில் நொடிக்கு 240 ஃபிரேம் வைத்து, பின்னால் ஒட்டிய டேப்பில் எண்ணிப் பார்த்தால் வேகம் 8.6 மீட்டர். கணக்குப்படி வரவேண்டிய 8.9-க்குச் சற்றுக் குறைவு. காற்றும் கண் போல்ட்டின் உராய்வும் தின்றது போக மிச்சம் அது. எனக்குப் போதும்.

இதைச் செய்ய நினைப்பவர்கள் பின்பக்க இடத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். முழு உயர அடியில் 7 கிலோ இலக்கு மூன்று மீட்டருக்கு மேல் பின்னால் பறந்து, அதே வேகத்தில் திரும்பி வருகிறது. வரும் வழியில் சம்மட்டி இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். நான் லாரி டயர் இரண்டை அடுக்கி, மேலே கொசுவலை மாதிரித் தொங்கும் பழைய வாலிபால் நெட்டைக் கட்டி இலக்கைப் பிடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் எல்லோரும் ஷட்டருக்கு வெளியே.

இனி சென்சார். கையில் எம்.பி.யு. 6050 என்ற முடுக்கம் அளக்கும் சில்லு இருந்தது, அதைத்தான் முதலில் ஒட்டினேன். ஒவ்வொரு அடிக்கும் அழகாக 16 ஜி காட்டியது. லேசாக அடித்தாலும் 16, பலமாக அடித்தாலும் 16. அந்தச் சில்லின் உச்ச வரம்பே அதுதான். வரைபடத்தின் தலை கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்ததைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. புரூனோவின் 53 ஜி-யை அளக்கப் புறப்பட்டவன் முதலில் டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தைப் பார்க்க வேண்டும். விசையை நேரடியாக அளக்கும் லோடு செல் பக்கமும் போனேன். அதோடு எல்லோரும் வாங்கும் ஹெச்.எக்ஸ். 711 பலகை நொடிக்கு 80 முறைதான் படிக்கும். அதாவது 12 மில்லிநொடிக்கு ஒரு தடவை. குத்து உச்சத்தைத் தொட்டுவிட்டே போய்விடும்.

வாங்கியது ஏ.டி.எக்ஸ்.எல். 375, இதுவும் முடுக்கம் அளக்கும் சில்லுதான். 200 ஜி வரை தாங்கும், நொடிக்கு 3,200 வாசிப்பு தரும். ஆனால் ஐ-ஸ்கொயர்-சி இணைப்பில் அந்த வேகம் கிடைக்காது, 800-இல் நின்றுவிடும். எஸ்.பி.ஐ. இணைப்பில் போட வேண்டும். மூளைக்கு இ.எஸ்.பி. 32 என்ற சின்னக் கணினிப் பலகை. ஜம்பர் ஒயர்கள் முதல் அடியிலேயே கழன்று விழுந்தன, எல்லாவற்றையும் சால்டர் செய்து அரால்டைட் பசையில் மூழ்கடித்தேன். சென்சாரை ஃபோம் டேப்பில் ஒட்டியபோது வரைபடம் முழுக்க நடுக்கம். டேப்பே ஸ்பிரிங் மாதிரி ஆடுகிறது. 6 மி.மீ. தகட்டில் எம் 3 ஸ்குரூ போட்டு இறுக்கியதும் அடங்கியது. இதே மாதிரி இன்னொரு சென்சாரைச் சம்மட்டியின் பின்புறமும் போட்டேன். ஒன்று தப்பாகச் சொன்னால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும். அதற்கு வேறொரு பயனும் பிறகு வந்தது.

எல்லாம் தயாரானதும், 16 அவுன்ஸ் கிளவ்ஸோடு முழு உயரத்திலிருந்து விட்டோம். சில ஓட்டங்கள் 52, 53. கடைசி ஓட்டம் 55 ஜி. 7 கிலோவோடு பெருக்கினால் 3,780 நியூட்டன். புரூனோ கட்டுரையின் 4,096-க்குக் கொஞ்சம் கீழே. மருமகன் ஒன்றும் பேசவில்லை. அந்த 6 கிலோ இரும்பு இலக்கில் பட்ட சத்தம் தகர ஷெட் முழுக்க அதிர்ந்தது. அதைத் தாடையில் வாங்குவது என்றால் என்னவென்று அவனுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகுதான் கிளவ்ஸ் மாற்றும் யோசனை. தொழில்முறை ஹெவிவெயிட் சண்டைகளில் 10 அவுன்ஸ் என்பதால் அவன் பையிலிருந்த பழைய 10 அவுன்ஸை மாட்டினோம். எடை குறையக்கூடாது என்று பின்பக்கம் 170 கிராமுக்கு வாஷர் அடுக்கினேன். அதே 6 கிலோ, அதே உயரம், அதே இலக்கு. 88 ஜி. ஏறத்தாழ 6,000 நியூட்டன். கிளவ்ஸைத் தொட்டுப் பார்த்தால் காரணம் தெரிந்தது. முட்டிப் பக்கத்தில் ஃபோம் செத்துப்போய்க் கெட்டியாகிக் கிடந்தது. புதிதாக ஒரு 10 அவுன்ஸ் வாங்கி வந்து மாட்டினால் 67. புதுசுக்கும் பழசுக்கும் உள்ள வித்தியாசம், 16-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிது. இங்கே குத்துகிறவர் ஒருவரேதான், அதுவும் இரும்பு. அவர் பலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அடுத்து இலக்கையே மாற்றிப் பார்த்தோம். தொங்கும் இலக்கைக் கழற்றி, அதே ஃபோம், அதே ரெக்ஸினைச் சுவரோடு போல்ட் போட்ட தகட்டில் ஒட்டினேன். முழு உயரத்தில் விட எனக்குத் துணிவில்லை, சுவர் என்னுடையது இல்லை. ஒரு மீட்டர் உயரத்தில் மட்டும். இங்கே இலக்கு நகராது, அதனால் அதன் சென்சார் ஒன்றும் சொல்லாது. சம்மட்டியின் பின்னால் போட்ட சென்சார் கைகொடுத்தது இங்கேதான். 16 அவுன்ஸ் கிளவ்ஸில் தொங்கும் இலக்குக்கு 1,600 நியூட்டன் வந்த அதே அடி, சுவருக்கு 2,150 வந்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல்.

இதைப் பார்த்த பிறகு, ஆய்வுகளில் வந்த குத்து எண்களை நான் படிக்கும் விதமே மாறிவிட்டது. 2000-இல் இங்கிலாந்து அமெச்சூர் வீரர்களைச் சுவரில் பதித்த கருவியில் குத்தவைத்து அளந்த ஓர் ஆய்வு உண்டு. தேர்ந்த வீரர்களின் பின்னால் வைத்திருக்கும் கையின் குத்துக்குச் சராசரி 4,800 நியூட்டன், நடுத்தரத்தினருக்கு 3,722, புதியவர்களுக்கு 2,381. 2005-இல் ஒலிம்பிக் வீரர்கள் ஏழு பேரை, கார் விபத்துச் சோதனையில் வைக்கும் டம்மியின் முகத்தில் குத்தச் சொன்னபோது சராசரி 3,427. இந்த எண்களை அப்படியே வரிசையில் நிறுத்தினால் புரூனோவின் 4,096 தேர்ந்த அமெச்சூர்களுக்குக் கீழே போய்விடும். உலகத் தரவரிசையில் இருந்த ஹெவிவெயிட் ஒருவர், அமெச்சூர் பையன்களைவிட லேசாகக் குத்தினார் என்று இணையத்தில் வாதாடுபவர்கள் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். ஒன்று சுவர், ஒன்று கழுத்தோடு ஆடும் பொம்மைத் தலை, ஒன்று கயிற்றில் தொங்கும் 7 கிலோ இரும்பு. மூன்றும் மூன்று தராசு. என் சம்மட்டி காட்டிய விகிதத்தைப் போட்டால் புரூனோவின் குத்து சுவரில் 5,500 பக்கம் வரும். மனிதக் கைக்குப் பின்னால் தோளும் இடுப்பும் தள்ளுவதால் இது கறாரான கணக்கு ஆகாது. எந்தப் பக்கம் சாயும் என்று மட்டும் காட்டும்.

மனிதக் குத்தையும் விடவில்லை. தொங்கும் இலக்கில் மருமகன் நேர்க் குத்து விட்டான். அவனுடைய நல்ல குத்துகள் 25-லிருந்து 27 ஜி. மேல் எண்ணை எடுத்துக்கொண்டால் 1,850 நியூட்டன். புரூனோவில் பாதி. என்னுடையதை எழுதப் போவதில்லை. இதில் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. அவன் எரிச்சலில் உடம்பையே போட்டுத் தள்ளிய குத்துகளில் இலக்கு அதிக தூரம் பறந்தது, ஜி குறைந்தது. வெடுக்கென்று விட்டுக் கையை இழுத்தவற்றில் தூரம் குறைவு, ஜி அதிகம். தூரம் மொத்தத் தள்ளலைச் சொல்கிறது, ஜி உச்ச அதிர்ச்சியைச் சொல்கிறது. தூரத்தை மட்டும் வைத்துப் பேர் கொடுத்தால் தள்ளுகிறவர் ஜெயிப்பார். ரிங்கில் எதிராளியைக் கயிறு வரை பறக்கவிடும் குத்தும், நின்ற இடத்திலேயே கால் மடியவைக்கும் குத்தும் வேறு வேறு என்று பழைய பயிற்சியாளர்கள் சொல்வதை இரண்டு கோடுகளாகப் பார்த்தேன்.

சரி, சம்மட்டி முடிந்தது. புரூனோவின் பேர்? அங்கேயும் இதே தராசுப் பிரச்சினைதான். நாக்-அவுட் எண்ணிக்கையில் குத்தியவர் பாதி, வாங்கியவர் பாதி. அதனால் அவர் சண்டைகளை ஒரு ஷீட்டில் போட்டு, ஒரே எதிராளியை வேறொருவரும் குத்திப் பார்த்திருக்கிற இடங்களை மட்டும் தேடினேன். சுவரையும் தொங்கும் இலக்கையும் கலக்காமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

1982 மார்ச்சில் தொழில்முறைக்கு வந்தவர் முதல் 21 சண்டையும் நாக்-அவுட்டிலேயே முடித்தார். அந்த வரிசையில் பெரும்பாலோர் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. மெத்தென்ற ஃபோமில் அடித்துப் பார்த்த கணக்கு அது, பெரிதாக ஒன்றும் சொல்லாது. 1983-இல் ஜம்போ கமிங்ஸிடம் முதல் ரவுண்டின் கடைசியில் அடிபட்டு நின்ற இடத்தில் உறைந்து, மணி காப்பாற்றி, பிறகு 7-வது ரவுண்டில் முடித்ததுதான் அதில் கவனிக்க வேண்டிய சண்டை.

கெர்ரி கோட்சேதான் நல்ல இலக்கு. தென்னாப்பிரிக்காவின் முன்னாள் டபிள்யூ.பி.ஏ. (உலக பாக்ஸிங் சங்கம்) சாம்பியன். 1980-இல் அவரைச் சாய்க்க மைக் வீவருக்கு 13 ரவுண்டு ஆனது. 1984-இல் கிரெக் பேஜுக்கு 8 ரவுண்டு. 1986 மார்ச்சில் வெம்ப்ளியில் புரூனோ ஒரே ரவுண்டில் முடித்தார். கோட்சே அப்போது தேய்ந்திருந்தார் என்பதைக் கழித்துக்கொண்டாலும், அந்த வலது கை கயிறுகளுக்கு ஊடாக ஆளை அனுப்பியது.

எதிர்ப்பக்கமும் உண்டு. அதே 1986 ஜூலையில் டிம் விதர்ஸ்பூனை 11 ரவுண்டு வரை குத்தியும் புரூனோவால் சாய்க்க முடியவில்லை, தானே சாய்ந்தார். அந்த விதர்ஸ்பூனை டிசம்பரில் போன்கிரஷர் ஸ்மித் முதல் ரவுண்டிலேயே முடித்துவிட்டார். விதர்ஸ்பூன் அன்றைக்குத் தயாராக வரவில்லை என்பது வேறு. கார்ல் வில்லியம்ஸை 1989-இல் மைக் டைசன் 93 விநாடியில் நிறுத்தினார். 1993-இல், வயதான வில்லியம்ஸை நிறுத்தப் புரூனோவுக்கு 10-வது ரவுண்டு வரை வேண்டியிருந்தது.

மருமகன் தூக்கிப் பிடிக்கும் தோல்விகளில் முதலாவது, 1984 மே மாதம் இதே ஸ்மித்திடம். ஒன்பது ரவுண்டு முன்னிலையில் இருந்துவிட்டு 10-வதில் விழுந்தார். "ஒம்பது ரவுண்டு குத்தியும் ஸ்மித் விழலியே மாமா" என்கிறான். 1987-இல் டைசனும் அந்த ஸ்மித்தை 12 ரவுண்டு குத்தினார், ஒரு தடவைகூட விழவைக்கவில்லை. கட்டிப்பிடித்தே காலம் தள்ளுவதில் ஸ்மித் கெட்டிக்காரர். ஆகவே அந்தச் சண்டையைப் புரூனோவின் குத்துக்கு எதிரான சாட்சியாக நான் எடுக்க மாட்டேன். அதேபோல, 1995 செப்டம்பரில் வெம்ப்ளி மைதானத்தில் ஆலிவர் மெக்காலைப் புள்ளிகளில் வென்றுதான் டபிள்யூ.பி.சி. (உலக பாக்ஸிங் கவுன்சில்) பட்டத்தைப் பிடித்தார். சாய்க்க முடியாமல் போனது மெக்காலிடம். கீழே விழாத தாடைக்குப் பேர்போனவர். சுவரில் அடித்தது மாதிரி.

1989 பிப்ரவரி லாஸ் வேகாஸ் சண்டையை எத்தனை முறை பார்த்தாலும் ஒரே இடத்தில் கை நிறுத்தத்துக்குப் போகிறது. மணி அடித்த சில நொடிகளில் டைசனிடம் விழுந்து எழுந்தவர், அந்த முதல் ரவுண்டு முடிவதற்குள் கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் இடது ஹுக் ஒன்றில் டைசனைத் தள்ளாட வைக்கிறார். அந்தக் காலத்து டைசனின் கால்கள் அப்படி ஆடி நான் வேறெங்கும் பார்த்ததில்லை, ஒரு வருடம் கழித்து டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் அவரைச் சாய்த்தபோது தவிர. அடுத்த நொடியில் என்ன செய்கிறார் பாருங்கள். இரண்டாவது குத்து வரவில்லை. தோள்கள் இறுகி, ஒன்று விட்டுவிட்டு நின்று பார்க்கிறார். டைசன் அணைத்துப் பிடித்துத் தெளிந்துவிடுகிறார். 5-வது ரவுண்டில் சண்டை முடிந்தது.

ஆக என் தீர்ப்பு இது. ஒற்றைக் குத்தின் எடை விஷயத்தில் புரூனோவின் பேர் நியாயமானது. 53 ஜி-யும் கோட்சேயும் டைசனின் அந்த நொடியும் ஒரே பக்கம் சொல்கின்றன. 38 நாக்-அவுட் என்ற எண் காட்டும் அளவுக்கு ஆளை முடிப்பவர் அவர் இல்லை. ஆளை முடிப்பது என்பது தொடர்ச்சியாக விடும் திறமை, இறுக்கம் தளர்ந்த தோள், எட்டு ரவுண்டுக்குப் பிறகும் மிச்சமிருக்கும் மூச்சு. இதில் எதையும் என் சம்மட்டியால் அளக்க முடியாது. மருமகன் பாதி ஒத்துக்கொண்டான். தோல்வி ஐந்தும் நாக்-அவுட்டில் போனதே என்று இன்னும் இழுக்கிறான். அது அவர் தாடையைப் பற்றிய கேள்வி, கையைப் பற்றியது இல்லை.

செலவு: ஏ.டி.எக்ஸ்.எல். 375 இரண்டு, ஐயாயிரத்து நானூறு. பெரிய அடி அதுதான். இ.எஸ்.பி. 32-க்கு நானூற்றுச் சில்லறை. ஷாஃப்ட் துண்டுகள் எடைக்குப் போட்டு 900. ஒயர் ரோப், டர்ன்பக்கிள், கண் போல்ட் எல்லாம் 1,100 ஆனது, நைலானுக்கு முதலில் கொடுத்த 240 அதில் சேராது. புது 10 அவுன்ஸ் கிளவ்ஸ் 1,300, ஆனால் அது இப்போது மருமகன் கையில் இருக்கிறது. ஃபோமும் ரெக்ஸினும் குஷன் கடையில் மிச்சத் துண்டாக, டீக்காசுக்குக் கிடைத்தது. வெல்டிங் அண்ணன் கூலி வாங்கவில்லை, முழு உயர அடியைத் தானே தொரட்டி பிடித்து அறுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

அடுத்த தடவை மாற்ற வேண்டியவற்றில் முதலாவது, இலக்குக்கு ஒரு கழுத்து. தாடையில் ஓரமாகப் படும் ஹுக் தலையைத் திருப்புகிறது, நேராகத் தள்ளுவதில்லை. நாக்-அவுட்டில் அந்தத் திருப்பம்தான் பெரிய வேலை செய்கிறது. நான்கு ஒயரில் தொங்கும் என் இலக்கு திருப்பத்தை அடியோடு தடுத்துவிடுகிறது, அதற்காகத்தானே அப்படிக் கட்டினேன். பைக்கின் பழைய ஷாக் அப்சார்பர் ரப்பர் புஷ்ஷை அடுக்கிக் கழுத்தாக்கி, மேலே 4.5 கிலோ தலை வைத்து, பக்கவாட்டில் சுழலும் வேகத்தை அளக்கும் ஒரு ஜைரோ சென்சார். அதற்கும் டேட்டாஷீட்டை முதலிலேயே பார்த்துவிட்டேன். சாதாரண எம்.பி.யு. 6050-இன் ஜைரோ நொடிக்கு 2,000 டிகிரியில் நின்றுவிடும், ஹுக்குக்கு அது பத்துமா என்பது சந்தேகம்தான். இரண்டாவது, கிளவ்ஸின் வயதைக் குறித்துவைக்க ஒரு முறை. ஒவ்வொரு தொடரின் முன்னும் பின்னும் ஒரே கிளவ்ஸை அரை மீட்டர் உயரத்தில் ஒரு தடவை விட்டு, எண் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எழுதிக்கொண்டால் போதும். மூன்றாவது சுவர்த் தகடு. 10 மி.மீ. ராவல் பிளக் இரண்டு மாதத்தில் தளர்ந்துவிட்டது, 16 மி.மீ. ஆங்கர் போல்ட்டுக்கு ஓட்டை போடலாமா என்று கட்டிடக்காரரிடம் கேட்டிருக்கிறேன்.